உங்கள் தங்கை நெஞ்சில் ஒரு குறுக்குவழி

மதிப்பிற்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் நலம், உங்கள் வீட்டிலும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். 'எல்லோரும்' என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். ஒருவர் நலமில்லை. அந்த ஒருவர் இந்தத் தடவை நான் இல்லை, உங்கள் தங்கை. நீங்கள் பதற வேண்டாம், அந்த வேலையை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். போனில் சொன்னால் அவள் காதில் விழும், அதனால்தான் கடிதம்.

எனக்கு நெஞ்சு படபடக்கிறது என்று சொன்னால், "உங்களுக்கு எப்பதான் படபடக்கல, காலிங் பெல் அடிச்சாலே படபடக்குது" என்பாள், உங்களுக்குத் தெரியாததா? ஆனாலும் போன வாரம் என் தொல்லை தாங்காமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். ஈ.சி.ஜி. அறையில் அத்தனை ஒயரைப் பார்த்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, ஷாக் அடிக்குமா என்று டெக்னீஷியனைக் கேட்டேன், அடிக்காது என்றார், எழுதித் தருவீர்களா என்றேன், உங்கள் தங்கைக்கு மானம் போய்விட்டது. "தள்ளுங்க, நான் படுத்துக் காட்டறேன், அப்புறமாவது படுங்க" என்று செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிப் படுத்துவிட்டாள். டெக்னீஷியனும் சிரித்துக்கொண்டே ஒயரை மாட்டினார். காகிதம் வெளியே வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. இன்னொரு தரம் எடுத்தார், காகிதத்தைத் தூக்கிக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனார். எனக்கு இதுவரை யாரும் எடுக்கவில்லை, அது வேறு விஷயம்.

"இதயத்துல மேலருந்து கீழ கரண்ட் போக ஒரே வழிதான்" என்றார் டாக்டரம்மா. "இவங்களுக்குப் பிறவியிலேயே இன்னொரு குறுக்குவழி இருக்கு. அதான் பாருங்க, நேரா ஏற வேண்டிய கோடு சரிவா ஏறுது. சில நேரம் கரண்ட் ஒரு வழியா இறங்கி மறுவழியா ஏறி சுத்திக்கிட்டே இருக்கும். திடீர்னு வேகமா அடிச்சுக்கும், திடீர்னு நின்னுடும். அப்படி வந்திருக்காம்மா?"

"வரும். மூஞ்சியப் பச்சைத் தண்ணியில முக்கி மூச்சை அடக்கினா நின்னுடும்" என்றாள் உங்கள் தங்கை, ஏதோ தும்மலைப் பற்றிப் பேசுகிற மாதிரி.

மச்சான், எனக்குத் தலை சுற்றியது. கல்யாணமான நாளிலிருந்து எந்தச் சண்டையிலும் நான் உச்சத்துக்கு வரும்போது எழுந்துபோய் வாளியில் முகத்தை முக்கிக்கொள்வாள். பதில் சொல்ல வாயில்லாமல் போகிறாள், ஜெயித்தது நான்தான் என்று இத்தனை வருஷம் மீசையை முறுக்கிக்கொண்டிருந்தேனே! அவள் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் இடத்திலும் இதே கதையாம். நடுவழியில் "ஓரமா நிறுத்து" என்று இறங்கி ஒரு பாட்டில் தண்ணீரை முகத்தில் கொட்டிக்கொள்வாளாம், தாங்கள் ஓட்டிய லட்சணம்தான் காரணம் என்று கற்றுக்கொள்ள வந்தவர்கள் அழுதிருக்கிறார்கள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றால், "சொன்னா நீங்க எனக்கு முன்னாடி போய்ச் சேந்திருப்பீங்க" என்கிறாள்.

தொடையிலுள்ள ரத்தக்குழாய் வழியாக மெல்லிய கம்பியை விட்டு அந்தக் குறுக்குவழியைச் சுட்டு அடைத்துவிடலாம், பெரும்பாலும் அதோடு தீர்ந்துவிடும், தள்ளிப்போட்டால் ஆபத்தாகலாம், அதுவரை ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்றார் டாக்டரம்மா. "யோசிச்சு சொல்றேன்" என்று வந்தவள்தான், நான் கேட்டால் எழுந்து போய்விடுகிறாள். இப்போது குழாயில் தண்ணீர்ச் சத்தம் கேட்டாலே எனக்கு உயிர் போய் உயிர் வருகிறது. ஓடிப்போய்ப் பார்த்தால் தட்டு கழுவிக்கொண்டிருக்கிறாள். அவள் இல்லாமல் எனக்கு ஒரு நாளும் ஓடாது மச்சான். நீங்கள் சொன்னால் தட்டமாட்டாள். உடனே வந்து சம்மதிக்க வையுங்கள். நான் எழுதியதாக மட்டும் மூச்சு விடாதீர்கள்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள். எல்லோரும் சீரான நாடியோடு நெடுநாள் வாழ்க.

இப்படிக்கு,
கலங்கிய உள்ளத்துடன்,
உங்கள் தங்கை கணவன்

பி.கு.: உறையை ஒட்ட நான் பசை தேடிப் போன நேரத்தில் உங்கள் தங்கை இதைப் படித்துவிட்டாள். உட்கார்ந்து சிரித்தாள். நேற்றே ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி, வருகிற திங்கட்கிழமைக்கு நாள் குறித்துவிட்டாளாம். இத்தனை நாள் யோசித்தது, என்னை யாரிடம் விட்டுவிட்டுப் போவது என்றுதானாம். "அண்ணன் வரட்டும், உங்க பக்கத்துல உக்கார" என்றாள். உனக்குப் பயமாகவே இல்லையா என்று கேட்டேன். "இருக்கு. இந்த வீட்டுல பயப்பட ஒருத்தர் போதும்னு சும்மா இருந்தேன்" என்றாள். மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள். ஆனால் சீக்கிரம் வாருங்கள் மச்சான், இங்கே இரண்டு பேர் பயந்துகொண்டிருக்கிறோம்.