போணிக்குச் சொன்ன ‘வாரேன்’

வில்லாபுரம்,
மதுரை.

கர்த்தருக்குள் அன்பான மாப்பிள்ளை மெர்வின் அவர்களுக்கு, உங்கள் மைத்துனன் வெங்காய மண்டி இன்பசேகரன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் வீட்டுக்காரி ஆனிமேரியும் சுகம். திண்டுக்கல்லில் நீங்களும், மணப்பெண்ணாகப் போகும் உங்கள் மகளான என் மருமகளும், என் மேல் கோபமாயிருக்கும் என் தங்கை எஸ்தரும், அந்தக் கோபம் நீங்கலாக மற்ற எல்லாவற்றிலும் பெருகி வளர ஜெபிக்கிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். தங்கச்சி என் நம்பரை பிளாக் பண்ணிவிட்டாள். நீங்கள் எடுக்கிறீர்கள், ஆனால் “மச்சான், இந்தத் தடவையும் நாயைச் சாக்குச் சொன்னீங்கன்னா...” என்று ஆரம்பித்து, முடிக்காமலே வைத்துவிடுகிறீர்கள். மீதி வாக்கியம் என்னவாக இருக்கும் என்று யோசித்தே எனக்குச் சோறு இறங்கவில்லை. உங்கள் கோபம் நியாயம்தான். நிச்சயதார்த்தத்தன்று போனில் “வாரேன், இந்தா வாரேன்” என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். எஸ்தர் பாஸ்டரையும் காக்க வைத்துவிட்டு வாசலிலேயே நின்றாளாம். கடைசியில் பஸ்ஸை விட்டு இறங்கியது ஆனிமேரி மட்டும். வீட்டில் எங்கள் நாய் போணிக்கு வயிற்றுப்போக்கு, நான் பக்கத்தில் வாளியோடு. தாய்மாமன் இல்லாமல் மோதிரம் மாற்றினார்கள். போகட்டும். கல்யாணத்துக்கு அப்படி நடக்காது. நாயைத் தங்க வைக்க ஒரு இடம் பிடித்துவிட்டேன்.

நாகமலை புதுக்கோட்டையில் யுனிவர்சிட்டியைத் தாண்டினால் ஒரு தோப்பு. ஐரின் என்று ஒரு பெண் நடத்துகிறாள். காலையில் விட்டு மாலையில் கூட்டிப்போகலாம், ஊருக்குப் போனால் தங்கவும் விடலாம். எனக்கு நம்பிக்கை இல்லை. மண்டியில் நான் மேல் மூட்டையைப் பார்த்து என்றைக்கும் விலை பேசியது கிடையாது. அடி மூட்டையைப் பிரித்து முகர்ந்த பிறகுதான் வாயைத் திறப்பேன். ஆகவே சொல்லாமல் கொள்ளாமல் போய், ஆபீஸ் பக்கமே திரும்பாமல், நேரே பின்பக்கம் போய் முகர்ந்தேன். மாப்ள, அத்தனை நாய் இருக்கிற இடத்தில் வாடையே இல்லை. தரை கழுவிக் காய்ந்து கிடக்கிறது. சின்ன நாய்க்கு ஒரு முற்றம், பெரிய நாய்க்கு ஒரு முற்றம், வயசான நாய்க்கு நிழலில் தனி இடம். ஒரு கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டுகூட இத்தனை சுத்தமாக இருந்து நான் பார்த்ததில்லை.

நான் அந்தப் பெண்ணைக் கேள்வி கேட்கலாம் என்று போனால், அவள் என்னைக் கேட்கிறாள். தடுப்பூசி எல்லாம் போட்டாச்சா, வெடிச் சத்தத்துக்குப் பயப்படுவானா, சாப்பிடும்போது தட்டைத் தொட்டால் உறுமுவானா, மற்ற நாயோடு பழகுவானா? பெண் பார்க்க வந்தவர்கள்கூட இம்புட்டு விசாரிக்க மாட்டார்கள்.

“பேரு என்ன சார்?”

“போணி.”

“ஐயோ, பானியா! எம்புட்டு அழகான இங்கிலீஷ் பேரு! பொட்டப் பிள்ளையா?”

“போணிம்மா! காலையில மொத யாவாரம் ஆகுமே, அந்தப் போணி. கடுவன்.”

தலையாட்டினாள். ஆனாலும் கழுத்தில் மாட்டியது ரோஸ் கலர் பட்டைதான்.

“என்ன சாப்பிடுவான் சார்?”

“நாங்க சாப்பிடுறதுதான். கறிக்கொழம்பு ஊத்தின சோறு.”

“வெங்காயம் போட்ட கொழம்பா?”

“நான் வெங்காய யாவாரிம்மா. வெங்காயத்த மட்டும் போட்ட கொழம்புகூட எங்க வீட்டுல உண்டு.”

அவள் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். “நாய்க்கு வெங்காயம் ஆகவே ஆகாது சார். இதுவரைக்கும் தப்பிச்சது அவன் அதிர்ஷ்டம்.”

புரிகிறதா மாப்ள? நிச்சயதார்த்தத்துக்கு என்னை வரவிடாமல் பண்ணியது போணி இல்லை. என் சரக்கு.

கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தடவை தங்க வைத்துப் பழக்குங்கள் என்று அவளே சொன்னாள். சரியென்று போன சனிக்கிழமை கொண்டுபோய் விட்டேன். துவைக்காத உங்கள் துணி ஒன்று வேண்டும், வாசனையை வைத்துத் தூங்குவான் என்றும் சொல்லியிருந்தாள். ஆனிமேரி விடுவாளா? “அழுக்குத் துணியக் குடுத்தா நம்ம வீட்டப் பத்தி என்ன நெனப்பாங்க?” என்று என் சட்டையைத் துவைத்து, நீலம் போட்டு, அயர்ன் பண்ணி, ஜவுளிக்கடைப் பையில் வைத்துக் கொடுத்தாள். நானும் அதைக் கொடுத்து, போணியின் தலையைத் தடவி, “வாரேன்டா” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

சாயங்காலம் ஐரினிடமிருந்து ஒரு வீடியோ. போணி கேட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறான். முதுகுதான் தெரிகிறது. பக்கத்தில் கோழி சாதம் தொடாமல் கிடக்கிறது. பின்னாலேயே போன் வந்தது.

“சார், போகும்போது அவன்கிட்ட என்ன சொல்லிட்டுப் போனீங்க?”

“வழக்கமாச் சொல்றதுதான். வாரேன்னு.”

“வீட்டுல எப்ப சொல்வீங்க அப்படி?”

யோசித்தேன். சாயங்காலம் வாக்கிங் போக போணி வாசல் கேட்டுக்கிட்ட வந்து நின்று குரைப்பான். நான் உள்ளேயிருந்து “வாரேன்டா” என்பேன். சொன்னால் உடனே செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவேன். ஒரு நாளும் தவறியதில்லை.

“அதான் சார். நீங்க இப்பவே வருவீங்கன்னு உக்காந்திருக்கான். வந்து உண்மையச் சொல்லிட்டுப் போங்க.”

மாப்ள, ‘நாளைக்கு லோடு வந்துரும்’ என்று நான் சொல்லாத ஆள் இந்த மதுரையில் உண்டா? ஒருத்தனாவது நம்பி வாசலில் உட்கார்ந்திருக்கிறானா? இவன் உட்கார்ந்துவிட்டான். அப்போது எனக்கு நிச்சயதார்த்தத்தன்று வாசலில் நின்ற எஸ்தரின் ஞாபகம் வந்தது.

காரை எடுத்தேன். ‘போறேன்’ என்று சொல்லப்போகிறேன் என்றதும் ஆனிமேரி காதைப் பொத்திக்கொண்டாள். “அந்த வார்த்தைய வீட்டுக்குள்ள வச்சுச் சொல்லாதீங்க, நாகமலையில போய்ச் சொல்லிக்கோங்க!” அங்கே போய், போட்டிருந்த சட்டையைக் கழற்றி போணிக்கு முன்னால் வைத்தேன். மண்டியிலிருந்து நேரே வந்த சட்டை, ஒரு மூட்டை வாசனை அதில் இருந்தது. குனிந்து, “போணி, நான் போறேன்” என்றேன். கல்லாவை மூடும்போதுகூட நான் சொல்லாத வார்த்தை. என்னை ஒரு பார்வை பார்த்தான், பெருமூச்சு விட்டான், சட்டையைக் கவ்விக்கொண்டு ஒரு குட்டைக்கால் நாயின் பின்னால் போய்விட்டான். ஒரு தடவை, ஒரே ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கல மாப்ள. கொஞ்சம் வருத்தம்தான். பனியனோடு காரில் வந்த என்னை வழியில் நம் சபை மூப்பர் பார்த்துவிட்டு, ஆனிமேரிக்கும் எனக்கும் சண்டையா என்று இன்றுவரை விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

ஞாயிறு ஆராதனை முடிந்து போய்க் கூட்டிவந்தோம். குளிப்பாட்டி, நகம் வெட்டி, காது துடைத்து வைத்திருந்தார்கள். “நல்லாப் பழகுறான் சார். மத்தவங்கள மட்டும் கொஞ்சம் வரிசையில நிக்க வைக்கப் பாக்குறான்” என்றாள் ஐரின். மண்டி வளர்ப்பு. இந்தத் தொழிலை இத்தனை நேர்மையாகச் செய்ய முடியும் என்று நான் நினைக்கவில்லை. ரேட்டை மட்டும் கேட்காதீர்கள், நீங்களே குரைப்பீர்கள். ஆனால் பேரம் பேச எனக்கே வாய் வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே மாப்ள, கல்யாணத்துக்கு முந்தியே சீரோடு வந்து இறங்குகிறேன். நாய்ச் சாக்கு இனி இல்லை. எஸ்தரிடம் சொல்லி என் நம்பரைத் திறக்கச் சொல்லுங்கள். மருமகள் போகிற வீட்டில் சமாதானமும், சம்பந்தி வீட்டாருக்குப் பொறுமையும், உங்களுக்கு ரத்தக்கொதிப்பு இறங்கவும் ஆண்டவர் கிருபை செய்வாராக.

அன்பு மைத்துனன்,
இன்பசேகரன்

பி.கு.: உறையை ஒட்டும்போது ஐரின் போன் பண்ணினாள். “சார், அந்த வாரம் இடத்த மூடுறோம். பெரியப்பா பையனுக்குக் கல்யாணம்.” எங்கே என்றேன். திண்டுக்கல் என்றாள். எந்தச் சர்ச் என்றேன். சொன்னாள். நம் மருமகளுக்குப் பார்த்த மாப்பிள்ளைக்கு அவள் தங்கச்சி முறையாம்! ஊரில் இருக்கிற அத்தனை குடும்பத்திலும் இவர்களைத்தானா பிடித்தீர்கள்? வேறு வழியில்லை, மண்டபத்தில் கீழ்த்தளத்தில் ஓர் அறையும், வெங்காயம் போடாத சாப்பாடு ஒன்றும் சொல்லி வையுங்கள். எஸ்தரிடம் சொல்லுங்கள், நிச்சயதார்த்தத்துக்குச் சொன்ன வாரேன் இல்லை இது. போணி கேட்டுக்கிட்ட நின்னு குரைக்கும்போது உள்ளேயிருந்து சொல்வேனே, அந்த வாரேன்.