தார்பாய்க்கு அடியில் தேசத்தின் எதிர்காலம்

மைக்கைக் கையில் கொடுத்தால் திருப்பிக் கொடுக்கிற பழக்கம் அந்த நாளில் எனக்குக் கிடையாது. டி.வி. விவாதங்களில் நாலைந்து முறை முகம் காட்டியதும், பெயருக்குக் கீழே 'அரசியல் ஆய்வாளர்' என்று போட்டுவிட்டார்கள். அவ்வளவுதான், தலைகால் புரியவில்லை. கல்லூரி, நூலகம், கல்யாண மண்டபம் என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய், 'இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு இந்தியா' என்று முழங்கிக்கொண்டிருந்தேன். (இருபத்தைந்து வருஷம் கழித்து யார் வந்து கேட்கப் போகிறார்கள் என்ற தைரியம்தான்.)

அப்போதுதான் என் மச்சாண்டார் அருளப்பன், தன் ஊருக்கு வந்து பேசச் சொன்னார். என் கணவர் சேவியரின் அண்ணன். பட்டுக்கோட்டை போகிற வழியில், உள்ளடங்கிய ஒரு ஊரில் சம்பா சாகுபடி செய்கிறவர். எனக்குக் கல்யாணமாகி ஆறு வருஷத்தில் என்னிடம் நேராக ஆறு வார்த்தை பேசியிருப்பாரா, சந்தேகம்தான். தம்பி மனைவி என்ற மரியாதை. நான் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாலும், தன் மனைவி ஸ்டெல்லா அக்காவிடம் "அந்தப் பொண்ணு சாப்பிட்டுச்சான்னு கேளு" என்பார். அப்படிப்பட்ட மனிதர் ஊரெல்லாம் "எங்க வீட்டுப் பொண்ணு டி.வி.ல பேசுது" என்று சொல்லி, ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டமே போட்டுவிட்டார்.

இடம், நெற்களம். மாதா கோயில் மண்டபத்தில் வெள்ளையடித்துக்கொண்டிருந்ததால் வேறு வழியில்லை. களத்தின் ஒரு பாதியில் மேடையும் நாற்காலிகளும். மறுபாதியில் மச்சாண்டாரின் நெல் மூன்று நாளாகக் காய்ந்துகொண்டிருந்தது. மறுநாள் காலை கொள்முதல் நிலையத்தில் அவருடைய முறை. ஈரம் இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

"நாலு மணிக்கு ஆரம்பிச்சு அஞ்சு மணிக்கு முடிச்சிரு பிலோ. எல்லாருமா சேந்து நெல்லை அள்ளி மூட்டை கட்டிடலாம்" என்றார் ஸ்டெல்லா அக்கா. நானும் பெரிய மனுஷி மாதிரி தலையாட்டினேன்.

மேடையில் வெயில் சுள்ளென்று அடித்தது. பேச வந்த பெண் வெயிலில் நிற்கக் கூடாது என்று மச்சாண்டார், நெல்லை மூட வைத்திருந்த பெரிய தார்பாயை எடுத்து, மேடைக்கு மேலே கூரையாகவும் பின்னால் தட்டியாகவும் கட்டச் சொல்லியிருந்தார். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் தலைமை நாற்காலியில் வேட்டியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார்.

ஐந்து மணிக்கு நான் உலகப் பொருளாதாரத்தில்தான் இருந்தேன். ஐந்தரைக்கு மக்கள்தொகைக்கு வந்தேன். அந்த நேரத்தில்தான் ஒன்றைக் கவனித்தேன். கூட்டம் மொத்தமும் என் தலைக்கு மேலே, எங்கோ தூரத்தில் பார்த்துக்கொண்டிருந்தது. கண்கொட்டாமல்! சிலர் வாயைப் பிளந்திருந்தார்கள். என் பேச்சில் தேசத்தின் எதிர்காலம் அவர்கள் கண்முன்னால் விரிகிறது என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். எனக்கே புல்லரித்தது.

மூன்றாவது வரிசையில் சேவியர் விரலை மேலே மேலே காட்டினார். குரலை உயர்த்தச் சொல்கிறார் என்று உயர்த்தினேன். மச்சாண்டார் நாற்காலி நுனிக்கு வந்து, கையைப் பிசைந்துகொண்டிருந்தார். அவர் எழுந்திருக்காமல் வேறு யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். அவர் வீட்டுப் பெண் அல்லவா பேசுகிறது!

கடைசியில் ஸ்டெல்லா அக்காதான் எழுந்து நின்றார்.

நான் புன்னகையோடு, மைக்கிலேயே சொன்னேன்: "உக்காருங்கக்கா. கேள்வி நேரம் கடைசியில இருக்கு."

"அடியே பிலோ! இருபத்தஞ்சு வருஷத்த அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல பின்னாடி திரும்பிப் பாருடி!"

தட்டியை விலக்கிப் பார்த்தேன். கிழக்கே வானம் கருகருவென்று இறங்கியிருந்தது. முதல் சொட்டு என் குறிப்புத் தாளில் விழுந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. ஊரே களத்தில் பாய்ந்தது. விருந்தாளி தலையில் விழுந்துவிடக் கூடாதென்று தார்பாயை அத்தனை இறுக்கமாகக் கட்டியிருந்தார்கள், முடிச்சு அவிழவில்லை. அரிவாளால் அறுத்து எடுப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. நான் பட்டுப்புடவையோடு மண்டியிட்டு, பொன்னாடையை விரித்து அதில் நெல்லை அள்ளினேன். (எத்தனையோ பொன்னாடை வாங்கியிருக்கிறேன். பிரயோஜனப்பட்டது அது ஒன்றுதான்.) பாதிக்குமேல் நனைந்துவிட்டது.

"முன்னாடியே சொல்லக் கூடாதாண்ணே?" என்று சேவியர் கத்தினார்.

"பேசிக்கிட்டிருக்கிற பொண்ண எப்படிடா நிறுத்தச் சொல்றது?" என்றார் மச்சாண்டார், தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட.

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பம்புசெட் கொட்டகைக்குப் பின்னால் போய் ஓவென்று அழுதேன்.

மறுநாள் அவர் முறை போயிற்று. நெல் மறுபடி காய வேண்டும், மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். எனக்குச் சென்னைக்குப் போக முகமில்லை. அங்கேயே தங்கி, களத்தில் பரப்பிய நெல்லைக் காலால் கிளறிக்கொண்டு மேலும் கீழும் நடந்தேன். எதிர்ப்பக்கத்திலிருந்து மச்சாண்டாரும் கிளறிக்கொண்டு வந்தார். என் பக்கத்தில் வந்ததும் நின்றார். சுற்றிப் பார்த்தார். ஸ்டெல்லா அக்கா அங்கே இல்லை.

"ஒண்ணு கேக்கவாம்மா?" என்றார். "குவைத்துல இருக்கிற பெரிய மக, நிலத்தக் குத்தகைக்கு விட்டுட்டு அங்க வந்துருங்கப்பாங்கிறா. விட்டுரலாமா, அடுத்த வருஷமும் சம்பா போடலாமா? அதுக்கு நீ ஏதாச்சும் சொல்லுவேன்னுதான் கூட்டமே போட்டேன்."

ஒன்றரை மணி நேரம் பேசியிருக்கிறேன். அதில் இவருக்கான ஒரு வரி கிடையாது. வழக்கம்போல வாயைத் திறந்தேன்.

"தெரியல மாமா."

என் பேச்சு வாழ்க்கையில் அந்த வார்த்தையை முதல் தடவையாகச் சொன்னேன். அவர் முகம் தெளிந்துவிட்டது.

"அப்பாடா! நீயும் குவைத்துக்குப் போயிருங்கன்னு சொல்லிருவியோன்னு பயந்துகிட்டே கெடந்தேன்" என்று சிரித்தார்.

எட்டு நாள் கழித்து நெல் விலைபோயிற்று. அவர் இன்றும் சம்பாதான் போடுகிறார். நானும் இன்னும் மேடை ஏறுகிறேன். ஆனால் அந்த வார்த்தை நாக்கில் ஒட்டிக்கொண்டுவிட்டது. டி.வி. விவாதத்தில், அடுத்த ஆட்சி யாருடையது என்று கேட்டாலும் "தெரியலைங்க" என்கிறேன். மற்றவர்கள் எதையாவது அடித்து விடும்போது நடுவில் இப்படி ஒரு ஆள் இருப்பதும் பார்க்கிறவர்களுக்குப் பிடித்துப்போயிற்றோ என்னவோ, அழைப்பு குறையவில்லை. மச்சாண்டார் ஊரில் இருக்கும்போது யாராவது கூட்டத்துக்கு எனக்கு வண்டி அனுப்பினால், ஸ்டெல்லா அக்கா வாசலில் நின்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்வார்:

"தெரியாதுன்னு சொல்றதுக்கு இவளுக்கு ஏசி காரு வந்து நிக்குது பாருங்க! எனக்குந்தான் ஒண்ணும் தெரியாது. என்னைய எவன் கூப்புடுறான்?"