காரணம் தெரியாத காந்தல்

"அப்புறம் கண்ண மூடிக்கச் சொன்னாரா?"

புஷ்பதந்தன் மூன்றாவது முறையாகக் கேட்டார். அவர் விழுப்புரம் ரயில் நிலையத்தில் பார்சல் குமாஸ்தா. மனைவி சந்திரவதி திண்டிவனத்தில் டாக்டரைப் பார்த்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தாள்.

"ஆமாங்க. பஞ்சால உள்ளங்காலைத் தொட்டுத் தொட்டு, 'தெரியுதாம்மா, தெரியுதாம்மா'ன்னு கேட்டுக்கினே இருந்தாரு. எவ்ளோ பொறுமை!"

"எவ்ளோ நேரம்?"

"அரை மணி இருக்கும்."

புஷ்பதந்தனுக்கு வயிறு எரிந்தது. சந்திரவதிக்கு எரிந்தது உள்ளங்கால். எட்டு மாதமாக அப்படித்தான். எறும்பு ஊர்வதுபோல் தொடங்கும், காந்தும், பிறகு கட்டையாக மரத்துவிடும். "எல்லாம் நெனப்புதான், வேலையப் பாரு" என்று அவர் வைத்தியத்தை அன்றே முடித்திருந்தார். கடைசியில், திண்டிவனத்தில் வாழ்க்கைப்பட்ட தங்கை ஞானமதிதான் அக்காளை டாக்டர் சவுரிராயனிடம் அழைத்துப் போனாள். சவுரிராயனுக்கு முப்பது வயதுக்குள். பட்டணத்தில் நரம்பைப் பற்றியே தனியாகப் படித்தவர். இன்னும் கலியாணம் ஆகவில்லை. இந்தக் கடைசி விவரத்தைச் சந்திரவதி சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"சரி, இன்னா வியாதியாம்?"

"நரம்பு கெட்டிருக்குதாம். சர்க்கரை இல்லியாம், குஷ்டம் இல்லியாம், ரத்தத்துலயும் ஒண்ணும் இல்லியாம். காரணம் தெரியலன்னுட்டாரு."

"தெரியலன்னு சொல்றதுக்கா அரை மணி?"

"காரணம் தெரியலன்றதால வலி பொய்யாயிடாதும்மா, உன் வலி நெசம்தான், அப்படின்னாருங்க." சந்திரவதியின் குரல் தழுதழுத்தது.

பதினாலு வருஷத்தில் தாம் சொன்ன எதற்கும் அந்தக் குரல் ஒரு தடவைகூடத் தழுதழுத்ததில்லை என்று புஷ்பதந்தன் கணக்குப் பார்த்தார்.

மறுநாள் சாயங்காலம் ஒரு கட்டுப் பஞ்சோடு வீட்டுக்கு வந்தார்.

"காலை நீட்டு. கண்ண மூடிக்க. தெரியுதா?"

"தெரியல."

"இப்ப?"

"தெரியலங்க."

"அந்த டாக்டரு தொட்டா மட்டும் தெரியுதோ?"

"அவரு தொட்டாலும் தெரியல. ஆனா அவரு இப்படிக் கத்த மாட்டாரு."

அடுத்த வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டுத் தாமே கூடப் போனார். டாக்டர் எழுந்து நின்று நாற்காலி போட்டது அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"எத்தனை மாசமா சொல்றாங்க?"

"ஒரு மாசமா."

"எட்டு மாசங்க" என்றாள் சந்திரவதி, சுவரைப் பார்த்துக்கொண்டு.

டாக்டர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் புஷ்பதந்தனைப் பார்த்தார். "இனிமே வாரம் ரெண்டு தடவை வரட்டும். வைட்டமின் ஊசி போட்டுப் பாப்போம். கால்ல அடி படாம, சூடு படாம நீங்கதான் பாத்துக்கணும். பட்டாலும் அவங்களுக்குத் தெரியாது."

இதில் புஷ்பதந்தன் காதில் விழுந்தது 'வாரம் ரெண்டு தடவை' மட்டும்தான்.

அடுத்த ஊசிக்கு வர வேண்டிய திங்கட்கிழமைக்குள் குணப்படுத்திவிடுவது என்று ரயிலிலேயே முடிவு செய்தார். ஞாயிறு காலையில் சமையலறைக்குள் நுழைந்து, நல்லெண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சினார். விரலை விட்டுப் பார்த்தார். சூடு போதாது என்று தோன்றியது. இன்னும் கொஞ்சம் காய விட்டார். பிறகு மனைவியின் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, உள்ளங்கை நிறைய எண்ணெயை அள்ளித் தேய்த்தார்.

"இன்னாங்க இது, நீங்க போயி என் காலை..."

"பேசாம இரு. எப்படி இருக்குது?"

"ஒண்ணும் தெரியல." சற்று நேரம் கழித்து, "ஆனா நல்லாருக்குதுங்க" என்றாள். குரல் லேசாகத் தழுதழுத்தது.

புஷ்பதந்தன் அன்று இரண்டு இட்டிலி கூடுதலாகச் சாப்பிட்டார்.

மத்தியானத்துக்குள் இரண்டு உள்ளங்காலும் கோலிக்குண்டு கோலிக்குண்டாகக் கொப்புளித்துவிட்டன.

திங்கட்கிழமை திண்டிவனம் ஸ்டேஷனிலிருந்து குதிரை வண்டி வைத்து டாக்டர் வீட்டுக்கு வந்தார்கள். கம்பவுண்டர் கண்ணையன் காலைத் துடைத்து மருந்து தடவ, டாக்டர் குனிந்து பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டார்.

"கொதிக்கிற எண்ணெயையா ஊத்துனீங்க?"

"ஊத்தல. என் கையாலதான் தேச்சேன். அப்படி ஒண்ணும் சூடில்ல, வெதுவெதுன்னுதான் இருந்திச்சு."

"தினம் கட்டு மாத்தணும். இவங்க ரயில்ல அலைய வேணாம். ஒரு மாசம் தங்கச்சி வீட்டுலயே இருக்கட்டும். காலையில நானே போயிப் பாத்துக்கறேன்."

"தினமுமா?" புஷ்பதந்தன் துள்ளி எழுந்தார். "நீங்களேவா? காரணமே தெரியாத வியாதிக்கு இன்னா சார் தினம் தினம் வைத்தியம்? என் பொண்டாட்டி காலைப் பாத்துக்க எனக்குத் தெரியும்!"

"சும்மா இருங்க" என்று சந்திரவதி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் கேட்கவில்லை. மேஜையைத் தட்டுவதற்குக் கையை ஓங்கினார்.

ஓங்கிய கையைக் கண்ணையன் எட்டிப் பிடித்துக்கொண்டார். சண்டைக்கு வருகிறாரோ என்று புஷ்பதந்தன் முறைத்தார். கண்ணையனோ கொப்புளித்திருந்த அவர் விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அடங்கிய குரலில் கேட்டார்:

"அம்மாவுக்குக் காலு மரத்திருக்குது, சரிங்க. அந்த எண்ணெயை அள்ளித் தேச்ச உங்க கைக்கு ஏங்க சுடல?"