தொப்புள் வழியே வந்த குழாய்

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடி அறை. படிக்கட்டு முழுக்கக் கூட்டம். உள்ளே உறிஞ்சி ஐயா. தொப்புளில் வாய் வைத்து உறிஞ்சுவார். கல், முடி, ஆணி, வயிற்றுக்குள் எது இருந்தாலும் வந்து விழும். பசி மட்டும்தான் இன்னும் யாருக்கும் வந்து விழுந்ததில்லை.

நம் தையல்காரரும் போனார். பித்தக்குழாயில் கல் அடைத்தபோது, ஆஸ்பத்திரியில் வாய் வழியாகக் கேமரா விட்டுக் கல்லை எடுத்து, பித்தம் இறங்குவதற்கு ஒரு பிளாஸ்டிக் குழாயை உள்ளே வைத்திருந்தார்கள். "மூணு மாசத்துல வந்து எடுத்துடணும். இல்லேன்னா அதுவே அடைச்சுக்கும்" என்றும் டாக்டர் சொல்லியிருந்தார். கேமராவை மறுபடி விழுங்கப் பயந்தவருக்கு ஐயா கண்கண்ட தெய்வமானார். உறிஞ்சினார், துப்பினார். தட்டில் குழாய்!

"வாய் வழியா வெச்சாங்க, வாயாலயே எடுத்துட்டாரு. கணக்கு சரியாப் போச்சு!" என்று வீடு திரும்பினார் தையல்காரர்.

கணக்கு சரிதான். கண்தான் மஞ்சளானது. குளிர்காய்ச்சல் ஆளைத் தூக்கித் தூக்கிப் போட்டது.

"என்னங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றாள் மனைவி.

"குழாய்தான் வந்துடுச்சேடி! ஐயாவைச் சந்தேகப்பட்டா பலிக்காதாம்."

"சரி, அவரையே கேட்போம் வாங்க."

கைத்தாங்கலாக அழைத்துப் போனவள், தானே பாயில் படுத்துக்கொண்டாள். "ஐயா, எனக்கும் ஒரு குழாய் இருக்கு. எடுத்து விடுங்க."

உறிஞ்சினார், துப்பினார். குழாய்!

அவள் எழுந்து உட்கார்ந்தாள். "நான் ஆஸ்பத்திரி வாசலையே மிதிச்சதில்ல. எனக்கு யாருங்கய்யா குழாய் வெச்சது?"

கூட்டம் திகைத்தது என்றா நினைக்கிறீர்கள்? கைதட்டியது, கண்ணுகளா! "இல்லாத குழாயையே எடுத்துட்டாரே, என்ன சக்தி!" என்று உருகினார் கூட்டத்தில் நின்ற ஒரு சைக்கிள் கடைக்காரர். அந்த ஆரவாரத்தில் ஐயா துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

அவள் ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டினாள். "அடுத்த ஆளுக்கு உறிஞ்சறதுக்கு முன்னாடி வாயைக் கொப்பளிச்சுத் துப்புங்க ஐயா."

ஐயா பேசவில்லை. எப்படிப் பேசுவார்? வாய் துடைத்த சாக்கில், துண்டில் ஒளித்திருந்த அடுத்த ஆளுக்கான குழாயைக் கன்னத்தில் ஒதுக்கியாயிற்றே! எல்லாக் கண்ணும் அந்த உப்பிய கன்னத்தின் மேல். வேறு வழியில்லாமல் விழுங்கினார். அது தொண்டைக்குக் கீழே குறுக்கே நின்றுகொண்டது.

"ஐயோ... டாக்டரைக் கூப்பிடுங்க!"

"டாக்டரு எதுக்குங்கய்யா? குனிஞ்சு நீங்களே உறிஞ்சிக்குங்க!" என்று முதலில் சிரித்தவர் அதே சைக்கிள் கடைக்காரர்தான்.

தையல்காரரும் ஐயாவும் ஒரே வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். தையல்காரரின் உள்ளே இருந்த நிஜக் குழாய், பித்தம் சேறாய் இறுகி அடைத்தபடி வெளியே வந்தது. புதிது வைத்தார்கள், பித்தம் இறங்கியது, கண் வெளுத்தது. பக்கத்து அறையில் ஐயா, மறு பேச்சில்லாமல் கேமராவை விழுங்கினார்.

பித்தம் போகிற வழி அடைத்துக்கொண்டால் குழாய் வைக்க டாக்டர் இருக்கிறார், கண்ணுகளா. புத்தி போகிற வழி அடைத்துக்கொண்டால் நாமேதான் திறந்துகொள்ள வேண்டும்.