ஒவ்வொன்றாய்ச் சேமிக்கும் செல்லப்பா

மனிதர்களில் இப்படியும் ஓர் இனம் உண்டு. இணையத்தில் இருக்கும் முப்பது ஸ்லைடுகளின் லிங்க்கை யாராவது அனுப்பினால் நீங்களும் நானும் என்ன செய்வோம்? திறப்போம், இரண்டைப் பார்ப்போம், கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் பொம்மை ஒன்றைப் பதிலுக்குத் தட்டிவிட்டு நம் ஜோலியைப் பார்க்கப் போவோம். இந்த இனத்தார் அப்படியல்ல. முதல் ஸ்லைடைத் திறப்பார்கள், அதை மட்டும் ஒரு படமாக இறக்குவார்கள், பெயர் சூட்டுவார்கள், ஒரு ஃபோல்டருக்குள் வைப்பார்கள், வைத்த இடத்திலேயே இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பார்கள், அதன் பிறகே இரண்டாவது ஸ்லைடுக்கு வருவார்கள். மொத்தத்தையும் ஒரே தட்டில் இறக்கலாமே என்று சொல்லிப் பாருங்கள். பந்தியில் ரசத்தையும் பாயசத்தையும் ஒன்றாக ஊற்றச் சொன்னவரைப் பார்ப்பதுபோல உங்களைப் பார்ப்பார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இவர்கள் சேமிப்பார்கள், படிக்க மாட்டார்கள். பத்திரமாக இருக்கிறது என்று ஆன பிறகு எதற்காகப் படிக்க வேண்டும்?

மலேசியாவின் நெகிரி செம்பிலானில் இந்த இனத்தை நேரில் பார்க்க விரும்புபவர்கள் செண்டாயானுக்குப் போய், வாசலில் மாமரம் உள்ள வரிசை வீட்டில் செல்லப்பாவைக் கேட்கலாம். அவருடைய தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, லாபு பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தாவாக, உட்கார்ந்தவர். எழுதிய தாளைக் கிழிக்கக்கூடாது என்பதே அந்தக் குடும்பத்தின் ஒரே சட்டம். அப்பாவும் அதே மேசையில் அதையே செய்தார். செல்லப்பா ஒரு படி மேலே போய், அரசாங்க அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் நகலுக்கு நகல் எடுத்துவிட்டு ஓய்வு பெற்றார். தோட்டத்தை விட்டு வந்து நாற்பது வருடம் ஆகியும் அங்கிருப்பவர்களுக்கு அவர் இன்னும் 'கிராணி வீட்டு ஐயா'தான்.

அவர் கோப்புகளுக்குப் பெயர் வைக்கும் அழகே தனி. 'ஸ்லைடு 1 ஃபைனல்' என்று ஒன்று இருக்கும். சந்தேகம் வந்து மறுபடி இறக்கியது 'ஸ்லைடு 1 ஃபைனல் பெத்துல்', அதாவது மலாயில் நிஜமான ஃபைனல். அதையும் நம்பாமல் இறக்கியது 'ஃபைனல் பெத்துல் பெத்துல்'. அப்படியானால் முதல் இரண்டும் பொய்யா என்று அவருடைய மகள் நிலானி ஒருமுறை கேட்டாள்.

"லிங்க்க நம்பி ஒக்காந்திருக்க ஆளு நீ. லிங்க் நாளைக்கு இருக்குமா? ஃபைல் இருக்கும்!"

"கூகுள் என்னப்பா, ஓடிப்போயிருமா?"

"எத்தன பெரிய தொரைங்க எல்லாம் கப்பலேறிப் போயிட்டாங்க. கூகுள் எம்மாத்திரம்?"

சேமித்ததைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் சுயநலமும் அவருக்குக் கிடையாது. காலை ஆறு மணிக்குத் தோட்டத்து வாட்சாப் குழுவில் ஒவ்வொரு படமாக அனுப்புவார். தோட்டத்தில் கோழிகளுக்கு வேலை போய்விட்டது என்றே சொல்லலாம்.

"ஐயா, என் போனு மூச்சு முட்டுது லா," என்று மயிலம்மாள் ஒருநாள் கெஞ்சினாள். "பேரன் படத்தையெல்லாம் அழிச்சுப்புட்டுத்தான் ஒங்க படத்துக்கு எடம் பண்றேன்."

இந்த மயிலம்மாள் அந்தத் தோட்டத்தில் முப்பத்தைந்து வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவள். இப்போது அவளுக்கு இருப்பது இரண்டு மாடுகளும் ஒரு கொட்டகையும். சென்ற வருடம் ஒரு கம்பெனி தோட்டத்தை வாங்கியது. அங்கே குடியிருக்கும் இருபத்து நான்கு குடும்பங்களுக்கும் அடுக்குமாடியில் வீடு தருகிறோம் என்றது. குடும்பங்கள் தரை வீடு கேட்டன. பேசித் தீர்க்க ஒரு கமிட்டி அமைந்தது. லோரி ஓட்டுகிற நல்லசாமி தலைவர். ஆவணங்களைப் பத்திரமாக வைத்திருக்க இவரை விட்டால் யார் என்று சொந்தமாகத் தரை வீடு வைத்திருக்கும் செல்லப்பாவைச் செயலாளர் ஆக்கினார்கள். ஆவணங்கள் பத்திரமாகத்தான் இருந்தன. அதில்தான் வினையே.

கம்பெனிக்குக் காட்ட வேண்டிய ஸ்லைடுகளை நிலானி இணையத்திலேயே தயாரித்தாள். திங்கட்கிழமை முப்பத்தொன்று இருந்தன. பதினேழாவது, கமிட்டிக்காரர்கள் தங்களுக்குள் பேசுவதற்காக அவள் எழுதிப் பார்த்தது: தரை வீடு கிடைக்கவே கிடைக்காவிட்டால் கடைசியாக நாம் ஒப்புக்கொள்ளக்கூடியது அடுக்குமாடி, அதுவும் இரண்டாவது மாடிக்கு மேல் வேண்டாம். செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் நல்லசாமி அதைப் பார்த்ததும் குதித்தார்.

"ஏம்மா, இத அவனுங்க பாத்தா நேரா இங்கதான் வந்து ஒக்காருவானுங்க. தூக்கு மொதல்ல!"

நிலானி அந்த இடத்திலேயே அழித்தாள். செல்லப்பா எங்கே இருந்தார் என்கிறீர்களா? பக்கத்து நாற்காலியில்தான். திங்கட்கிழமையே முப்பத்தொன்றையும் இறக்கிவிட்ட திருப்தியோடு அவற்றுக்குப் பெயர் மாற்றிக்கொண்டிருந்தார். செயலாளர் அல்லவா, 'பதினேழு நீக்கப்பட்டது' என்று கூட்டக் குறிப்பில் முத்து முத்தான கையெழுத்தில் எழுதவும் செய்தார். எழுதினார் என்றுதானே சொன்னேன், அதைப் படித்தார் என்றா சொன்னேன்?

மறுநாள் எண்ணிப் பார்த்தார். இணையத்தில் முப்பது, தன்னிடம் முப்பத்தொன்று. அவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பார்த்தாயா, ஒன்றை விழுங்கிவிட்டது! மகளிடம் உடனே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தாங்கள் சொன்னதே சரி என்று ஊர் அறியும் நாளுக்காகத்தான் இந்த இனத்தார் உயிர் வாழ்கிறார்கள். அதை ஒரு புதன்கிழமை காலைத் தேநீரோடு வீணாக்குவார்களா?

சனிக்கிழமை பத்து மணிக்குத் தோட்டத்து மண்டபத்தில் இருபத்து நான்கு குடும்பமும் கூடியது. கம்பெனியிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். பேசும் பொறுப்பில் இருந்தவன் பிரெண்டன், போர்டிக்சன்காரன், மரியாதை தெரிந்த இளைஞன். நிலானி லிங்க்கைத் திறந்தாள். வெளியே மழை பிடித்தது. இணைய லைன் போய்விட்டது. திரையில் ஒரு வட்டம் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது.

செல்லப்பா எழுந்தார். சட்டைப் பையிலிருந்து பென்டிரைவை எடுத்து எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்தார். மண்டபமே கைதட்டியது. உண்மையைச் சொன்னால், அன்று அவர் இல்லையென்றால் கூட்டமே நடந்திருக்காது. அந்தப் பெருமையை அவரிடமிருந்து யாரும் பறிக்க வேண்டாம்.

படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. செல்லப்பா ஒவ்வொன்றையும் அலுவலக மலாயில் கணீரென்று வாசித்தார். ஒன்பதாவதில் மயிலம்மாள் மாடுகளோடு நின்றாள்; பிரெண்டன் சிரித்துக்கொண்டே ஏதோ குறித்துக்கொண்டான். பன்னிரண்டாவதில், தரை வீட்டுக்கு இடம் ஒதுக்கினால் எத்தனை ஏக்கர் தேவைப்படும் என்ற கணக்கைப் பார்த்து, "இது பண்ணலாம் போலிருக்கே," என்று பக்கத்தில் இருந்தவரிடம் மெல்லச் சொன்னான். நல்லசாமி மீசையைத் தடவினார். காரியம் கைகூடிவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

பதினேழு வந்தது. இணையம் விழுங்கியதைத் தாம் மீட்டுக் கொண்டுவந்த படம் அல்லவா! செல்லப்பா குரலை இன்னும் ஏற்றினார்.

"கடைசியாக நாங்கள் ஒப்புக்கொள்ளக்கூடியது..."

"அப்பா, நெக்ஸ்ட்! நெக்ஸ்ட் லா!" என்றாள் நிலானி.

பொறாமை என்று நினைத்தார் மனிதர். அழுத்தந்திருத்தமாக, நிறுத்தி நிறுத்தி வாசித்தார். இரண்டாவது மாடி என்ற இடத்துக்கு வந்தபோதுதான் பொருள் காதில் ஏறியது. அதற்குள் எல்லோர் காதிலும் ஏறிவிட்டது.

பிரெண்டன் பேனாவை மூடினான். "அங்கிள், அந்த ஸ்லைட எனக்கு அனுப்ப முடியுமா?"

"அது பழசு தம்பி. பழைய ஸ்லைடு."

"பரவால்ல அங்கிள். ஃபுல் செட் வேணாம். அது ஒண்ண மட்டும் தனியா அனுப்புங்க."

வாசகரே, செல்லப்பாவின் நிலைமையைக் கொஞ்சம் யோசியுங்கள். எத்தனையோ வருடமாக எத்தனையோ ஸ்லைடுகளைத் தனித்தனியாகச் சேமித்த மனிதரிடம், ஒன்றை மட்டும் தனியாகக் கொடுங்கள் என்று கேட்ட முதல் ஆள் இவன். நிலானி வேண்டாமென்று தலையை ஆட்டினாள். நல்லசாமி கையை ஆட்டினார். கிடைக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அந்த வார்த்தையைச் சொல்ல மூன்று தலைமுறையாக அந்தக் குடும்பத்தில் யாரும் பழகவில்லை. பாழாய்ப்போன லைனும் அந்த நேரம் பார்த்துத் திரும்பி வந்திருந்தது. நான்கே விநாடியில் 'ஸ்லைடு 17 ஃபைனல் பெத்துல் பெத்துல்' பிரெண்டனின் கைப்பேசியில் போய் விழுந்தது.

மூன்று வாரத்தில் கம்பெனியின் கடிதம் வந்தது. குடியிருப்பாளர்களின் சொந்த யோசனைப்படியே எல்லோருக்கும் அடுக்குமாடி, யாருக்கும் இரண்டாவது மாடிக்கு மேல் கிடையாது, யோசனைக்கு நன்றி. இருபத்து நான்கு குடும்பங்களின் மண் ஒரு படத்தில் போனது.

செல்லப்பா பல நாள் தோட்டத்துப் பக்கம் தலை காட்டவில்லை. பிறகு ஒரு காலை, அவர் வீட்டு வாசலில் லோரி வந்து நின்றது. முன்னால் நல்லசாமி. பின்னால் மயிலம்மாள், இரண்டு மாடுகளோடு.

"கொட்டகைய இடிச்சுட்டாங்கையா," என்றாள். "எனக்கு ரெண்டாவது மாடி. மாடு படி ஏறாது."

"அதுக்கு நான் என்ன செய்யட்டும், மயிலம்மா?"

அவள் கோபப்படவில்லை. கயிற்றை அவர் கையில் கொடுத்தாள். "என்னென்னத்தையோ பத்தரமா வச்சிருக்கீங்க. இதுங்களையும் வச்சிருங்க."

மாடுகள் இப்போது செண்டாயானில், கார் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கின்றன. அக்கம்பக்கத்தார் வாரம் ஒரு புகார் எழுதுகிறார்கள். அவர் ஒவ்வொன்றையும் படம் எடுத்துத் தனித்தனியாகச் சேமித்துவிட்டுச் சாணி அள்ளப் போகிறார். இன்னும் ஒரு புகாரையும் படித்தபாடில்லை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் கைப்பேசியைத் திறந்து, பிறகு படிக்கலாம் என்று நீங்கள் படம் பிடித்து வைத்திருப்பவை எத்தனை நூறு என்று ஒருமுறை எண்ணிவிட்டுச் சிரியுங்கள். அதில் எது யாருடைய வீட்டைப் பற்றியது என்று உங்களுக்குத் தெரியுமா? போகட்டும். இந்தப் பக்கத்தையும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளலாமே என்று இப்போது ஒரு விரல் மெல்ல நகர்ந்ததே, அது யாருடைய விரல்?