நமசிவாயத்தார் வேலிப்பொட்டை அடைத்த கதை

நல்லூர்த் திருவிழாவுக்கு முன்னம் மகன் நிருஷனை லண்டனில் இறக்கிவிடுவது என்று இணுவில் நமசிவாயத்தார் முடிவெடுத்துவிட்டார். எடுத்தால் எடுத்ததுதான். பிறகு அதை மாற்றுவதென்றால் மனைவி ஞானாம்பிகை வரவேண்டும்.

பொடியன் சந்தியில் மோட்டார் சைக்கிள் திருத்தும் கராச் வைத்திருக்கிறான். அது தகப்பனுக்கு ஒரு தொழிலாகவே தெரியவில்லை. விசா தொல்லையெல்லாம் கிடையாது, ஏஜென்சிக்காரன் காடு, கடல், லொறி என்று எப்படியோ கொண்டுபோய்ச் சேர்ப்பான். சேர்ந்த பிறகு தங்க ஒரு வீடு வேண்டாமோ? அதற்குத்தான் ஞானாம்பிகையின் தமையன் பிரகலாதன் அங்கே இருக்கிறார். அவரும் ஒரு காலத்தில் மரக்கறி லொறியில், கோவா என்கிற முட்டைக்கோஸ் மூட்டைகளுக்குள் குந்திக்கொண்டு போய் இறங்கினவர்தான். இப்போது அந்த நாட்டுப் பிரசை. கடையும் இருக்கிறது, வாக்கும் இருக்கிறது.

ஞானாம்பிகைக்கு இந்தப் பயணம் துண்டறப் பிடிக்கவில்லை. பக்கத்து வீட்டுச் சுபாஜினியின் தம்பி இப்படித்தான் ஏஜென்சியோடு போனான். எந்தக் காட்டில் நிற்கிறானோ, போன மாரிக்குப் பிறகு ஒரு போன் கோலும் இல்லை. சுபாஜினி அழுவது வேலிக்கு இந்தப் பக்கம் கேட்கும். அதைச் சொன்னபோது, உனக்கென்ன உலகம் தெரியும் என்று நமசிவாயத்தார் பாய்ந்தார். அவள் வாயை மூடிக்கொண்டாள். மூடினால் சம்மதம் என்று மனிசன் நினைத்துக்கொண்டார். இத்தனை வருசம் குடும்பம் நடத்தியும் அவ்வளவுதான் அந்தப் பாவத்துக்கு விளங்கியிருந்தது.

சிக்கல் லண்டன் பக்கமிருந்து வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் சுகம் விசாரிக்கிற பிரகலாதன் இப்போதெல்லாம் அரசியல்தான் கதைக்கிறார். களவாய் வள்ளத்தில் வந்து இறங்குகிறவர்களை மறிப்போம் என்ற கட்சிக்கு வாக்குச்சீட்டில் புள்ளடி போட்டாராம், அது மறிக்கவில்லை. அதைத் திட்டித் திரிந்த கட்சிக்குப் போட்டாராம், அதுவும் மறிக்கவில்லை. இரண்டும் சேர்ந்து தன்னைப் பேயனாக்கிப் போட்டுதாம். இப்போது, வந்தவனையெல்லாம் பிடித்துத் திருப்பி அனுப்புவோம் என்று ஒரு புதுக் கட்சி நிற்கிறது, அதில் சேருவதா விடுவதா என்று நித்திரையில்லாமல் கிடக்கிறாராம்.

நமசிவாயத்தாருக்குத் தலை சுற்றியது. கோவாவுக்குள் போனவர் வள்ளத்தில் வருகிறவனை ஏன் மறிக்கவேண்டும்? மறித்தால் நிருஷன் எப்படிப் போவான்? பிரகலாதனுக்குக் கோபம் கட்சிகளிலா, வள்ளத்திலா, தன்னிலேயா? ஒன்றும் பிடிபடாமல், தேங்காய் துருவிக்கொண்டிருந்த மனைவியிடம் போய்க் கேட்டார்.

"விளங்காட்டி என்ன," என்றாள் ஞானாம்பிகை. "அண்ணை என்ன சொன்னாலும் ஓம் எண்டு சொல்லுங்கோவன். ஒத்துக் கதைக்கிற ஆக்களெண்டால் அவருக்கு உயிர்."

வெளிநாட்டு மச்சான் சொல்வதற்கு ஓம் போடுவது ஊரில் எல்லாரும் செய்கிறதுதானே. நமசிவாயத்தாரும் அடுத்த ஞாயிறே தொடங்கினார். விடப்படாது மச்சான், விட்டால் நாடு நாசமாய்ப் போம் என்றார். பிரகலாதன் குளிர்ந்துபோனார். ஒருமுறை மட்டும் நமசிவாயத்தார் நாக்குத் தவறி, உங்கடை கோவா லொறி எந்தக் கணக்கில் சேரும் என்று கேட்டுவிட்டார். அது வேறை காலம், சண்டை நடந்த காலம் என்று பிரகலாதன் இழுத்தார். இழுத்த இழுவையைப் பார்த்தால் அவருக்கும் வடிவாய்த் தெரியாது போலிருந்தது.

வெறும் வாயால் சொன்னால் காணாது, செய்து காட்டவேண்டும் என்று ஞானாம்பிகை அடுத்த யோசனை கொடுத்தாள்.

எங்கள் பக்கத்து வேலிகளில், பெண்டுகள் ஒழுங்கைத் தெருவால் சுற்றாமல் அடுத்த வளவுக்குப் போய்வர ஒரு ஓட்டை இருக்கும். பொட்டு என்போம். கறி போகும், பால் வரும், ஊர்க்கதை இரண்டு பக்கமும் போய்வரும். சுபாஜினி வீட்டுப் பக்கத்துப் பொட்டை நமசிவாயத்தார் அலவாங்கால் குழி கிண்டிக் கதியால் தடி நட்டு, ஓலை வைத்து அடைத்தார். அந்தப் பக்கம் நின்று சுபாஜினியே ஏன் ஓலை எடுத்துத் தருகிறாள் என்று அவர் யோசிக்கவில்லை. ஞானாம்பிகை போனில் படம் பிடித்தாள்.

"வாறவை கேற்றாலை, கேட்டு வரட்டும்," என்று அலவாங்கை ஊன்றிக்கொண்டு முழங்கினார் நமசிவாயத்தார். "களவாய்ப் பூந்து வாறவையைத் திருப்பி அனுப்புவன்."

"ஆராயிருந்தாலும் எண்டு சொல்லுங்கோ," போனுக்குப் பின்னாலிருந்து எடுத்துக்கொடுத்தாள் மனைவி.

"ஆராயிருந்தாலும். என்ரை பிள்ளை எண்டாலும்."

பிள்ளையை அவராகத்தான் சேர்த்தார். ஆவேசம் வந்தால் அவருக்கு நிற்பாட்டத் தெரியாது. படம் அன்றைக்கே லண்டனுக்குப் போனது.

அடுத்த ஞாயிறு பிரகலாதனின் முகம் முழுக்கச் சிரிப்பு. இதுதான் நேரமென்று நமசிவாயத்தார் தொண்டையைச் செருமிக்கொண்டு விசயத்தை அவிழ்த்தார். நிருஷனை ஏஜென்சியால் அனுப்புகிறேன், வந்து இறங்கினால் நீங்கள்தான் வைத்துப் பார்க்கவேண்டும்.

பிரகலாதன் விழுந்து விழுந்து சிரித்தார்.

"என்னைச் சோதிச்சுப் பாக்கிறியள், என்ன மச்சான்? நான் பழசை நினைச்சுத் தளம்பிக்கொண்டு இருந்தனான். உங்கடை படத்தைப் பாத்துத்தான் புதுக் கட்சியிலை சேந்தன். அதை இஞ்சை எல்லாருக்கும் அனுப்பியிருக்கிறன். நீங்கள் பயப்பிடாதேங்கோ, மருமோன் வந்தாலும் பொலிசுக்கு நானே போன் அடிப்பன்."

போன் நின்றது. நமசிவாயத்தார் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். மெல்ல மெல்ல ஏதோ வெளித்தது, முழுக்க வெளிக்கவில்லை.

"நீ இப்ப எந்தக் கட்சியடியப்பா? மறிக்கிற கட்சியோ, விடுற கட்சியோ?"

"அண்ணை பேசுறது எனக்கும் பிடிக்கேல்லை. ஆனா மறிக்கிறதும் விடுறதும் அவையின்ரை பாடு." ஞானாம்பிகை போனை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள். "நான் என்ரை பிள்ளை மத்தியானம் சோத்துக்கு வீட்டை வாற கட்சி. அதை விடுங்கோ, போறனெண்டு அவன் உங்களிட்டை எப்ப சொன்னவன்?"

நமசிவாயத்தார் இருந்து யோசித்துப் பார்த்தார். இத்தனை ஞாயிற்றுக்கிழமையிலும் அந்த ஒருத்தனைத்தான் அவர் கேட்கவில்லை.