மடிப்புக் கலையாத காற்றுச் சட்டை

ஐயா, உலகத்தில் பொருள் வாங்குகிறவர்கள் ஒரு பக்கம், பொருளைப் பார்த்து வாங்குகிறவர்கள் ஒரு பக்கம். முதல் பக்கத்து ஆட்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. காசைக் கொடுப்பார்கள், வாங்குவார்கள், வீட்டுக்குப் போய்ச் சோறு தின்பார்கள். இரண்டாவது பக்கத்து ஆள் கடைவாசலில் கால் வைக்கும்போதே கடைக்காரர் பின்வாசலைப் பார்ப்பார். குடை வாங்க வந்தால் விரித்துப் பார்ப்பது எல்லோரும் செய்வது. இவர் கம்பியைச் சுண்டிப் பார்ப்பார், துணியை வெயிலுக்குக் காட்டி ஓட்டை தேடுவார், கடைசியில் கடைக்காரரையே தெருவில் நிறுத்தி, அவர் தலைக்கு மேல் பிடித்து, நிழல் தோள்வரைக்கும் விழுகிறதா என்று சுற்றிவந்து பார்ப்பார். வாளி வாங்க வந்தால் தண்ணீர் கேட்பார். தலையணை வாங்க வந்தாரானால், கடைக்காரர் மத்தியானத் தூக்கத்துக்குத் தன் வீட்டுக்குப் போய்விடுவது நல்லது.

சந்தவாசலில் மாவு மில் வைத்திருக்கும் தங்கவேல் இந்த இனத்தில் முதல் ரகம். அவருக்கு இப்போது வேண்டியது ஒரு விண்ட்சீட்டர். மில்லுக்குள் வியர்த்துக் கொட்டுகிற மனுஷனுக்குக் காற்றைத் தடுக்கிற சட்டை எதற்கு என்றுதானே கேட்கிறீர்கள்? அது அவர் மனைவி முத்தம்மா செய்த வேலை.

மகள் செந்தாமரைக்குக் கல்யாணமாகி வெகுநாள் பிள்ளையில்லை. பிள்ளை பிறந்தால், பெண்ணைப் பெற்றவரே ஆடிக் கிருத்திகையன்று மொட்டைமலை உச்சிக்கு ஏறி, தன் கையால் நெய் ஊற்றி விளக்கேற்றுவார் என்று முத்தம்மா வேண்டிக்கொண்டாள். ஏறப்போகிறவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாமி கேட்டுவிட்டது. பேரன் பிறந்தான். இனி தாத்தா விளக்கேற்றினால்தான் பேரனுக்கு முதல் மொட்டை. அந்த மலையின் வழக்கம் ஒன்று உண்டு. ஏற்றிய விளக்கு, தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டி முடிகிறவரைக்கும் நின்று எரிய வேண்டும். நடுவில் அணைந்தால் வேண்டுதல் பாக்கி, அடுத்த ஆடிக்கு வா. உச்சியிலோ கூரை கிடையாது. நாலு கல், நடுவில் ஒரு வேல், மிச்சமெல்லாம் காற்று.

போன ஆடியில் தங்கவேல் சங்கிலிப் பாறை வரைக்கும் போனார். அங்கே காற்று அவர் வேட்டிக்குள் புகுந்து குடை விரிக்க, ஒரு கையில் சங்கிலியும் ஒரு கையில் மானமுமாகக் கொஞ்ச நேரம் தொங்கிவிட்டு, இறங்கி வந்துவிட்டார். அதை அவருடைய மச்சான் கண்ணாயிரம், முத்தம்மாவின் தம்பி, படவேடு வரைக்கும் போய் நடித்துக் காட்டினான். பேரனுக்கோ முடி வளர்ந்தது. சம்பந்தியம்மாள் அதைச் சடை பின்னிப் பூ வைத்தாள். பார்க்கிறவர்கள் பெண் குழந்தையா என்று கேட்க ஆரம்பித்தார்கள். இந்த ஆடியிலும் விளக்கு ஏறாவிட்டால் சடைக்குக் குஞ்சலம் வைக்க வேண்டியதுதான் என்று செந்தாமரை சொல்லி அனுப்பினாள்.

தங்கவேல் யோசித்தார். வேட்டிக்குப் பதில் காக்கி நிக்கர் போட்டுக்கொள்ளலாம். மேலுக்கு? கம்பளி கனம், சங்கிலியில் ஏறும்போது இழுக்கும். ஸ்வெட்டர் பின்னலெல்லாம் ஓட்டை. விண்ட்சீட்டர்தான் சரி. லேசாக இருக்கும், மடித்தால் பைக்குள் போகும், இரண்டு கையும் சும்மா இருக்கும். யோசனையில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. சித்திரை மாசமே ஆரணிக்கு பஸ் ஏறிவிட்டார்.

ஆரணியில் ரெடிமேட் கடை வைத்திருந்த சுப்பிரமணி அதுவரைக்கும் நிம்மதியான மனுஷன்.

"காத்து உள்ள பூருமா?" என்று கேட்டார் தங்கவேல்.

"பூராதுண்ணே."

"வேர்வ வெளிய போவுமா?"

"ஜோரா போவும்ணே."

"அப்ப வேர்வ போற வழியா காத்து வராதா?"

சுப்பிரமணி அன்றைக்குக் கடையைச் சீக்கிரம் பூட்டிவிட்டார்.

மறுபடி வந்தார் தங்கவேல். மறுபடியும் வந்தார். துணியை வாயில் ஒட்டவைத்து, கன்னம் இரண்டும் உப்ப ஊதி, அந்தப் பக்கம் சுப்பிரமணியை உள்ளங்கையை நீட்டச் சொல்லி, காற்று படுகிறதா என்று கேட்டார். எச்சில்தான் படுகிறது என்றார் சுப்பிரமணி. பக்கத்துக் காய்கறிக் கடைத் தராசில் சிவப்புச் சட்டையையும் நீலச் சட்டையையும் ஏற்றி இறக்கி, நீலம் ஒரு கத்தரிக்காய் லேசு என்று கண்டுபிடித்தார். மேஜை விசிறி முன்னால் நின்றார். விசிறிக் காற்று மலைக் காற்றாகுமா என்று அவருக்கே சந்தேகம் வர, நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு டவுன் பஸ் படியில் தொங்கினார். காசு கொடுக்காத சரக்காயிற்றே, சுப்பிரமணியும் பக்கத்தில் தொங்கினார். இரண்டு பேருக்கும் டிக்கெட்டை சுப்பிரமணிதான் எடுத்தார்.

கடைசியில் ஆனி மாசக் கடைசியில் நீலச் சட்டை தேறியது. தொப்பி வைத்தது. அதன் பெரிய விசேஷம், சட்டை முழுதும் தன் சொந்தப் பைக்குள்ளேயே புகுந்து ஜிப் போட்டுக்கொள்ளும். சுப்பிரமணி மடித்து, உருட்டி, அமுக்கி இழுத்து மூடினால் ஒரு மாங்காய் அளவுதான்.

வீட்டில் காட்டலாம் என்று தங்கவேல் ஜிப்பைத் திறந்தார். சட்டை வெளியே வந்தது. திரும்பப் போகவில்லை. முத்தம்மா மடித்தாள், கண்ணாயிரம் உருட்டினான், மில்லுக்குக் கேழ்வரகு அரைக்க வந்தவர்கள் மேலே உட்கார்ந்து பார்த்தார்கள். மாங்காயாக வந்த சட்டை பலாப்பழமாக உப்பி, பலாப்பழமாகவே நின்றது. தங்கவேல் மறுபடி ஆரணிக்குப் போய் சுப்பிரமணி கையால் மாங்காயாக்கி வாங்கிவந்தார். வரும் வழியிலேயே தீர்மானம் பண்ணிவிட்டார். இனி இதைத் திறப்பதானால், திறக்கிற அளவுக்குக் காற்று வரவேண்டும்.

ஆடிக் கிருத்திகை விடிந்தது. முத்தம்மா நெய்ச் சொம்போடும், கண்ணாயிரம் தேங்காயோடும், தங்கவேல் நிக்கர் பையில் மாங்காயோடும் ஏறினார்கள். பாதி மலையில் புளியமரமெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடியது. இது காற்றா என்றார் தங்கவேல். சங்கிலிப் பாறையில் உதடு நீலமாகிப் பல் தந்தியடித்தது. மேலே இதைவிடப் பெரியது இருக்கும் என்றார். ஒரு கையில் சங்கிலி, ஒரு கையில் பை. ஆனாலும் ஏறிவிட்டார் ஐயா, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. மாங்காய் பத்திரமாக இருக்கிறது என்ற தைரியமே அவரை மேலே கொண்டுபோய்ச் சேர்த்தது.

உச்சியில் அகலை வைத்து, நெய் ஊற்றி, திரி போட்டு, குச்சியைக் கிழித்தார். அணைந்தது. கண்ணாயிரம் துண்டை விரித்து மறைத்தான். துண்டு பறந்து புதூர்நாட்டுப் பக்கம் போனது. முத்தம்மா முந்தானையைப் பிடித்தாள். முந்தானை அவள் முகத்திலேயே அறைந்தது. குச்சி மேல் குச்சியாகப் போய், தீப்பெட்டியை ஆட்டினால் சத்தமே வராத நிலைமை வந்துவிட்டது.

"மாமா, அந்த மாங்காவ எடுங்க" என்றான் கண்ணாயிரம்.

தங்கவேல் பையை அமுக்கிப் பிடித்துக்கொண்டார். திறந்தால் யார் மடிப்பது? சுப்பிரமணி ஆரணியில் இருக்கிறார்.

"இத்தவிட பெரிய காத்து வந்தா இன்னாடா பண்றது?"

முத்தம்மா முகத்திலிருந்த முந்தானையை விலக்கினாள். "இதுக்கு மேல மல இல்லீங்க. வானந்தான் கீது."

தங்கவேல் தீப்பெட்டியைத் திறந்து பார்த்தார். இரண்டு குச்சி. பேரனின் சடை ஞாபகம் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஜிப்பை இழுத்தார்.

நீலச் சட்டை அலறிக்கொண்டு வெளியே பாய்ந்தது. ஒரு கையைக் கண்ணாயிரம் பிடித்தான், ஒரு கையை முத்தம்மா பிடித்தாள். தங்கவேல் விளக்கோடு உள்ளே தலையை விட்டுக்கொண்டார். உள்ளே காற்றே இல்லை. ஊதிப் பார்த்து வாங்கிய துணியல்லவா? முதல் குச்சியிலேயே திரி பற்றியது. முத்தம்மா தன் பக்கத்துக் கையைக் காலால் மிதித்துக்கொண்டு தேங்காயை வாங்கி உடைத்தாள், கற்பூரத்துக்கு விளக்கிலேயே நெருப்பெடுத்தாள்.

அந்த நேரத்தில்தான் சட்டையின் தொப்பி மெல்லச் சரிந்து சுடருக்குக் கிட்டே வந்தது. நைலான் சுருங்கியது. ஒரு புள்ளி கருகி, ஓட்டையாகி, ஓட்டை நாலணா அளவாகி, எட்டணா அளவாகி வளர்ந்தது. தொப்பியைத் தூக்கினால் காற்று புகும், விளக்கு போகும். தங்கவேல் அசையவில்லை. கற்பூரம் காட்டி முடிகிறவரைக்கும் ஓட்டையையே பார்த்துக்கொண்டு குந்தியிருந்தார். கண்ணில் தாரையாக நீர் வந்தது. இந்த மனுஷனுக்கு இவ்வளவு பக்தியா என்று முத்தம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

இறங்கும்போது சட்டையைப் போட்டுக்கொண்டார், இனி மடிக்க வேண்டியதில்லையே. பேரனுக்கு அந்த வாரமே மொட்டை ஆயிற்று. கண்ணாயிரத்துக்கு நடித்துக் காட்ட ஒன்றுமில்லாமல் போய்விட்டது. கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஆவணி பிறந்ததும் சுப்பிரமணி கடை வாசலில் தங்கவேல் நின்றார்.

"நெருப்பு பட்டா ஓட்ட வுழாத சட்ட கீதா?" என்று கேட்டார். கையில் ஒரு புதுத் தீப்பெட்டி.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். உங்கள் வீட்டு நாற்காலிக்குப் பாலித்தீன் உறை இன்னும் கழற்றவில்லை. பீங்கான் கோப்பைகள் எந்தப் பெரிய மனுஷன் வருவான் என்று அலமாரியில் காத்துக் கிடக்கின்றன. போன தீபாவளிச் சட்டையில் குண்டூசி அப்படியே இருக்கிறது. அதெல்லாம் போகட்டும். இந்தப் புத்தகத்துக்கு அட்டை போட்டு, பக்கம் மடங்கிவிடாமல் இரண்டு விரலால் பிடித்துப் படித்துக்கொண்டிருக்கிறீர்களே, அந்த விரலைக் கொஞ்சம் பாருங்கள்.